கொடி படத்துக்குள் வரவில்லை

நான் என் வாழ்நாளில் விரும்பிக் கூடாரத்தில் படுத்ததில்லை. காட்டைக் கண்டால் எனக்கு முதலில் வரும் கேள்வி, கழிவறை எந்தப் பக்கம் என்பதுதான். அப்படிப்பட்ட நான், மகளின் இரண்டாவது பிறந்தநாளைக் கேம்பிங் முறையில் கொண்டாடுவது என்று முடிவெடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்தவற்றுக்கு வேறு யார் தலையிலாவது பழியைப் போடப் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒருவரும் ஏற்கவில்லை.

அப்போது நாங்கள் டென்மார்க்கின் பிராண்டே என்ற சிற்றூரில் வீடு வாங்கி எட்டு மாதம். தெருவில் ஒன்பது வீடுகள், நாங்கள்தான் ஒரே தமிழர். அயலவர்கள் நல்லவர்கள். குப்பைத்தொட்டியை வெளியே உருட்டும்போது தலையாட்டுவார்கள். எட்டு மாதத்தில் அந்தத் தலையாட்டல் ஒரு அங்குலம்கூட முன்னேறவில்லை.

என் மனைவி சுகன்யா பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் வளர்ந்தவள். ஏழு வயதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறந்தநாள் அழைப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, புதுச்சட்டையும் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றிருக்கிறாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. கேக்கை மூன்று நாளாக வீட்டிலிருந்தவர்களே தின்று முடித்தார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும்.

மகள் ஆரணியைப் பகலில் ஒரு டெனிஷ் அம்மா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அங்கே இவளோடு இன்னும் மூன்று பிள்ளைகள். முதலாவது பிறந்தநாளுக்கு நாங்கள் எங்கள் வழக்கப்படி மண்டபம் எடுத்து, மேடை போட்டு, ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கியும் வைத்தோம். அந்த மூன்று குடும்பமும் வந்தன. பிள்ளைகளின் காதைப் பொத்தியபடி மூலையில் இருந்துவிட்டு, சோறு வருவதற்கு முன்னரே போய்விட்டன. திரும்பி வரும்போது காருக்குள் சுகன்யா ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

"எனக்கு நடந்தது இவளுக்கும் நடக்கக்கூடாது."

ஆகவே இம்முறை மண்டபம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கூடாரத்தைக் கண்டால் டெனிஷ்காரர் மனம் இளகுவார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. (தொழிற்சாலை மதிய இடைவேளையில் நான்கு வருட ஆராய்ச்சி.) பழைய சாமான் விற்பவரிடம் பெரியதொரு வெள்ளைக் கூடாரம் வாங்கினேன். சிவப்புத்தாளில் நெருப்புச் செய்தேன். விறகு மட்டும் உண்மையானது.

ஹேர்னிங்கில் இருக்கும் சுகன்யாவின் பெரியம்மாவுக்குத் திட்டத்தை விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, நாங்கள் அகதிக் கேம்ப்பில இருந்து வெளிய வர ஒண்டரை வருசம் எடுத்தது. நீங்கள் காசு குடுத்து உள்ள போறியள்."

உறவினரில் பத்துப் பேருக்குத்தான் சொன்னோம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். பட்டுச்சேலை, கோட் எதுவும் வேண்டாம், வெளியில் நிற்பதற்கேற்ற உடுப்போடு வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்களிடம் அப்படிப்பட்ட உடுப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு: கறுப்புக் குளிர்ஜாக்கெட். மே மாதக் காற்றும் கொஞ்சம் கடுமையாக இருந்தது. இருபத்திரண்டு பேரும் தலையிலிருந்து முழங்கால்வரை கறுப்பில் வந்து இறங்கினார்கள்.

வீட்டு முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. வீட்டோடு சேர்ந்து வந்தது. டென்மார்க்கில் பிறந்தநாள் என்றால் தேசியக் கொடி ஏற்றுவார்கள். நானும் காலையிலேயே புதுக்கொடியை உச்சிவரை ஏற்றியிருந்தேன். மிகச் சரியாக ஏற்றினேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சுகன்யாவின் தம்பி ஜெகன்தான் படப்பிடிப்பாளர். கமராவோடு பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து, கடைசியில் புல்லில் குப்புறப் படுத்தும் பார்த்தான்.

"அத்தான், கூடாரமும் கொடியும் ஒரு படத்துக்குள்ள வருகுதில்லை. கொடியைக் கொஞ்சம் இறக்குங்கோ."

இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

இறக்கினேன். கம்பத்தின் சரிபாதியில் கொடி நின்றபோது, "ஆ, இது வடிவு" என்றான். கயிற்றை இறுக்கிக் கட்டினேன். ஒரு நாட்டின் தலைவர் இறந்தால் அரசாங்கம் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஒரு தனிமனிதன் தன் வீட்டு முற்றத்தில் அதைச் செய்ய முடியும் என்பதுதான் தெரியாது.

இரண்டு மணிக்கு அந்த மூன்று டெனிஷ் பிள்ளைகளும் வருவதாக ஏற்பாடு. ஒன்றரை மணிக்கு ஆரணி கூடாரத்துக்குள் புகுந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். சுகன்யா சமையலறையிலிருந்து கட்டளை அனுப்பினாள்: பிள்ளையை ஒருவரும் எழுப்பக்கூடாது, அரைமணி நேரம் ஒருவரும் சத்தம்போட்டுக் கதைக்கக்கூடாது. எங்கள் சனம் ஒன்றாகக் கூடிக் கிசுகிசுத்த குரலில் கதைத்தது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் குனிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தலையசைத்து, வெளியே வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். பெரியம்மாவுக்கு மே மாதத்தில் மகரந்த ஒவ்வாமை. கூடார வாசலிலேயே இருந்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டில் பெண்ட் என்ற ஓய்வுபெற்ற தச்சர் இருந்தார். தன் ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, தன் வீட்டுக் கம்பத்திலும் கொடியை ஏற்றினார். உச்சிவரை ஏற்றி, மெல்லப் பாதிவரை இறக்கி, அங்கே கட்டினார். எங்கள் கொடியின் அதே உயரம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எட்டு மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிய மனிதர், என் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடியேற்றுகிறார், அதுவும் என் பாணியிலேயே. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டிலும் கொடி ஏறியது, பிறகு மூலை வீட்டிலும். எல்லாம் பாதி. "இதை வீடியோ எடு" என்று ஜெகனிடம் சொன்னேன். எடுத்தான். இன்றும் வைத்திருக்கிறான்.

சரியாக இரண்டு மணிக்கு முதலாவது கார் வந்தது. வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த தாய் எங்கள் முற்றத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், கையை வாயில் வைத்தார். நான் சிரித்தபடி கையசைத்தேன். கார் மெல்ல நகர்ந்து போய்விட்டது. நிறுத்த இடம் தேடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது காரும் அப்படியே வந்து அப்படியே போனது. மூன்றாவது காரில் பின்னால் இருந்த பையன் பலூன் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதுவும் போனது.

இரண்டே கால் ஆனபோது சுகன்யா சூடான ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தாள்.

"இன்னும் வரேல்லையோ?"

"வந்தவை. பாத்திட்டுப் போட்டினம்."

அவள் தட்டைப் படியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். அழவில்லை. வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலடியில் நின்ற அந்த ஏழு வயதுப் பிள்ளையை நான் அன்றுதான் நேரில் கண்டேன். என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே, நிறையத் தமிழரைக் கண்டு பயந்திருப்பார்கள் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். அதைவிட வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெண்ட் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கையில் வெள்ளை லில்லிப் பூங்கொத்தோடு தெருவைக் கடந்து வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, தணிந்த குரலில் டெனிஷில் "யார்?" என்று கேட்டார்.

யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்கிறார் போலும். "என் மகள்" என்றேன் பெருமையோடு. "இரண்டு வயது. இன்றைக்குத்தான்."

அந்த மனிதர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கூடாரத்தைப் பார்த்தார். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தார். வார்த்தைகளே இல்லை என்றும், தனக்கும் பேத்தி இருக்கிறாள் என்றும், ஏதாவது உதவி வேண்டுமானால் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்றும் சொன்னார். இவ்வளவு பாசமா என்று எனக்கே கண் கலங்கியது. இருவரும் கையைப் பிடித்தபடி கலங்கி நின்றோம்.

சுகன்யாவுக்கு டெனிஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். படியிலிருந்து மெல்ல எழுந்தாள். பெண்டைப் பார்த்தாள், லில்லியைப் பார்த்தாள், தெருவிலிருந்த கொடிகளைப் பார்த்தாள். கடைசியாக எங்கள் கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள், மிகவும் அமைதியாக. "கொடியை என்ன செய்தனீங்கள்?"

"படத்துக்குள்ள வரேல்லை எண்டு ஜெகன்..."

நான் முடிக்கவில்லை. கூடாரத்தின் வாசல்துணி அசைந்தது. ஒரு காலில் மட்டும் காலுறையோடு ஆரணி வெளியே வந்து, எல்லாரையும் முறைத்துப் பார்த்து, பால் கேட்டாள்.

பெண்டின் கையிலிருந்து பூங்கொத்து விழுந்தது. ஜெகன் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தான், பெரியம்மா தண்ணீர் கொடுத்தார். (அதுவரை அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டெனிஷ்காரருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாராம்.) தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு பெண்ட் எழுந்தார். கம்பத்தடிக்குப் போய், நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, கொடியை உச்சிவரை ஏற்றினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எந்த மொழியிலும் எனக்குச் சொல் இல்லை.

சுகன்யா மூன்று தாய்மாருக்கும் தொலைபேசி எடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் ஒரே விஷயத்தை மூன்று முறை விளக்கியதைக் கேட்டுக்கொண்டு நான் ரோல்ஸ் தட்டைப் பாதுகாத்தேன். அரைமணி நேரத்தில் மூன்று கார்களும் திரும்பி வந்தன. ஒரு தாய் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி அழுதுகொண்டிருந்தாராம். மகன் அதற்குள் இரண்டு ஐஸ்கிரீம் கேட்டு வாங்கித் தின்றிருந்தான். வந்ததும் அந்தத் தாய் ஆரணியைத் தூக்கியவர், வெகுநேரம் கீழே விடவேயில்லை.

பெண்ட் வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார். தெருவே திரண்டு வந்தது. பலர் ஏற்கெனவே பூ வாங்கிவிட்டார்கள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று கூடாரத்தைச் சுற்றி அடுக்கினோம். சவப்பூக்களுக்கு நடுவில் தாள்நெருப்பைச் சுற்றி இருந்துகொண்டு, கறுப்பு உடுப்புக்காரர் அத்தனை பேரும் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். ரோல்ஸ் உறைப்பென்று மூக்கைச் சீந்திக்கொண்டே மூன்றாவதையும் எடுத்தார்கள். ஏழு மணிவரை ஒருவரும் எழும்பவில்லை. சுகன்யா நின்ற இடத்தில் நிற்காமல் ஓடி ஓடிப் பரிமாறினாள். அவள் முகத்தை அன்றுபோல நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

பெரியம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை. "நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகவேணும் எண்டு இவைக்கும் தெரிஞ்சிருக்கு" என்று தேநீரை உறிஞ்சினார்.

இது நடந்து நான்கு வருடம். ஒவ்வொரு மே மாதமும் உறவினர் தொலைபேசி எடுப்பார்கள். ஆரணிக்கு வாழ்த்துச் சொல்வதற்கு முன்னர், "கொடி எந்த உயரத்தில நிக்குது?" என்று என்னிடம் கேட்பார்கள். கொடியேற்றும் பொறுப்பு என்னிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கப்பட்டுவிட்டது. காலை எட்டு மணிக்கு பெண்ட் வந்து தானே ஏற்றிவிட்டுப் போவார். நான் கோப்பி கொடுக்கலாம், கயிற்றைத் தொடக்கூடாது.

போன மாதம் ஆரணியின் வகுப்பாசிரியை எங்களைப் பள்ளிக்கு அழைத்தார். மிகுந்த கவனத்தோடு, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். வகுப்பில் எல்லாரும் தங்கள் மிகச் சிறந்த பிறந்தநாளைப் பற்றிச் சொன்னார்களாம். ஆரணி எழுந்து, தான் இரண்டு வயதில் செத்துப்போனதாகவும், தெரு முழுக்கப் பூவோடு வந்ததாகவும், அதைவிட நல்ல பிறந்தநாள் வேறு இல்லை என்றும் சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் நடந்ததைச் சொன்னோம். ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவர் எங்களை விடவில்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகள், தங்கள் பிறந்தநாளுக்கும் கொடியைப் பாதியில் கட்டச்சொல்லி வீட்டில் அழுகிறார்களாம். அந்தப் பெற்றோருக்கு என்ன சொல்வது என்று எங்களிடம் கேட்டார்.