பாரசீகத்துக்காக வேலையிழந்த சுங்கக் கிராணி

இந்த மலாயா நாட்டில், பாரசீகத்தின் சுங்க வரியை நினைத்துச் சோறு இறங்காமல் தவித்த ஒரே மனிதர் எங்கள் சுங்கக் கிராணிதான். பாரசீகத்திலேயே அப்படி ஒருவர் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. காஜா பேராங் ஊர் முழுக்க அவர் சுங்கக் கிராணி.

சுதந்திரத்துக்கு முந்தைய வருஷங்கள். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் ஆளுக்கோர் அறையாக நானும் அவரும் வாடகைக்கு இருந்தோம். நான் ரப்பர் ஏற்றுமதிக் கடையொன்றில் எழுத்துவேலை. அவர் ஆற்று முகத்துவாரத்துச் சுங்கக் கொட்டகையில் கிராணி, அதாவது குமாஸ்தா. சுமத்ராவிலிருந்து கரியும் விறகும் ஏற்றிவரும் தொங்கான் படகுகளின் சரக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் கரையேறும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லி. நடக்கும்போது தரைக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு விரற்கடை காற்று ஓடுவதுபோல் இருக்கும். எதிரே வரும் சைக்கிள்தான் விலகிப் போகவேண்டும். அவர் விலகமாட்டார், ஏனென்றால் அவர் அங்கே இல்லை.

எங்கே இருந்தார் என்றால், பாரசீகத்தில்.

கொட்டகையில் யாரும் கேட்டு வராத ஒரு பெட்டியை ஒருமுறை ஏலம் விட்டார்கள். இரண்டு வெள்ளிக்கு அதை இவர் எடுத்தார். உள்ளே கரையான் பாதி தின்ற ஆங்கிலப் புத்தகங்கள். அதில் ஒன்று, ஏழை நாடுகள் வெளிநாட்டாரிடம் எப்படிக் கடன் வாங்கின என்பதைப் பற்றியது. வேறு எவனாவது அதைக் கடலை மடிக்கக் கொடுத்திருப்பான். இவர் பாராயணம் செய்தார்.

"தம்பி, பாரசீக ராஜா ரஷ்யாக்காரன்கிட்ட கடன் வாங்குனாரு. அடமானமா எதை வச்சாரு தெரியுமா?"

"நகையாண்ணே?"

"சுங்கம்! வர்ற கப்பல், போற ஒட்டகம், எல்லாத்துக்கும் வசூலாவுற வரி. தெக்குக் கரை மட்டும் தப்பிச்சிச்சு." தெற்குக் கரை தப்பியதைச் சொல்லும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் முகம் மலரும். "வரி வாங்குற மேசையில யாரு உக்காந்தா? பெல்ஜியத்துக்காரன்! சொந்த ஊரு சுங்கக் கிராணி வெளிய நிக்கிறான், தம்பி. வெளிய!"

"எதுக்குக் கடன் வாங்குனாராம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒரே சொல்லில் விடுவார்: "ஊர்சுத்த!"

ராஜா ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனாராம்.

காலையில் கோப்பி குடிக்கும்போது முந்தைய இரவின் கனவைச் சொல்வார். எப்போதும் ஒரே கனவு. கடலோரத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம். வாசலில் இவரைப்போலவே ஒல்லியாக ஒரு பாரசீகக் கிராணி, கையில் பேனாவோடு. உள்ளே போக விடமாட்டார்கள். மணல் பறக்கும். அந்த ஆள் பேனாவை உதறி உதறி, எழுத இடமில்லாமல், காற்றிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இதைச் சொல்லும்போது கிராணியின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வரும். கோப்பி ஆறிப்போகும். எனக்கும் கொஞ்ச நேரம் வேலைக்குப் போக மனசு வராது.

வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டி. சாமி கும்பிடுவது நம்மைப்போல, பேசுவது மலாய். ஒருநாள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "கெசியான் ராஜா பார்சி" என்று பெருமூச்சு விட்டார். பாவமாம் பாரசீக ராஜா. கிராணி துள்ளி எழுந்தார். "ராஜா இல்லெ லா! ரக்யாட்! ரக்யாட் கெசியான்!" பாவப்பட்டவர் ராஜா அல்ல, குடிமக்கள் என்பதை நிலைநாட்டுவதற்குள் அடுப்பில் அந்த அம்மாளின் மீன்குழம்பு தீய்ந்துவிட்டது. அந்த மாதம் இரண்டு வாரம் எங்களிருவரோடும் அவர் பேசவில்லை. நான் வாயே திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியானதும் ஊரே கொடி தைத்தது. கிராணிக்குக் காய்ச்சல் வந்தது.

"புது நாடு தம்பி. கையில காசு இருக்காது. எவனாவது சிரிச்சிக்கிட்டே கடன் குடுப்பான். நம்ம கொட்டகைய எழுதிக் குடுத்துட்டா?"

"நம்ம ஆளுங்க அப்படிச் செய்யமாட்டாங்கண்ணே."

"பாரசீகத்துலயும் இப்படித்தான் ஒரு தம்பி சொல்லியிருப்பான்."

மூன்று நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆறு பக்கம் மனு எழுதினார். வரப்போகிற அரசாங்கத்துக்கு ஒரே வேண்டுகோள்: எந்தக் கஷ்டம் வந்தாலும் சுங்கத்தை மட்டும் வெளியாரிடம் அடமானம் வைக்காதீர்கள். இந்த ஒரு வரிக்கு முன்னால் ஐந்தே முக்கால் பக்கம் பாரசீகம். கொட்டகைத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து, கொட்டகைக் கடிதத்தாளிலேயே அனுப்பினார். வினை அங்கேதான் வந்தது.

கொட்டகைக்குத் தலைவரான துரை கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், நல்ல மனிதர்தான். அரசாங்க ஊழியன் அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லக்கூடாது, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். இவர் மாட்டேன் என்றார். "ஊழியனாக எழுதவில்லை. வெளியே நிற்கப்போகிறவனாக எழுதினேன்" என்றாராம். விசாரணை முடியும்வரை கொட்டகைப் பக்கம் வரவேண்டாம் என்று உத்தரவாயிற்று.

கனவில் வந்த ஆளைப்போலவே நம் கிராணியும் வெளியே நின்றார். ஒவ்வொரு காலையும் சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போய், ஆற்றின் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் தொங்கான்கள் வருவதைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் கூடவே போனேன். கடல் பால்போல் வெளுத்துக் கிடந்தது. தொங்கான்காரர்கள் தூரத்திலிருந்து கையசைத்தார்கள். இவர் கையசைக்காமல், உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தார்.

இந்த நேரம் பார்த்தா அவருக்குப் பெண் பார்க்கும் நாள் வரவேண்டும்? புக்கிட் காதிலில், தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தவரின் மகள். பெயர் சரோஜா, தையல் டீச்சர். நாள் குறித்து மூன்று மாதமாகிவிட்டது, தள்ளிப்போட முடியாது. வழியெல்லாம் நான் கெஞ்சினேன்.

"அண்ணே, ஒரு மணி நேரம். பாரசீகம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

"வராது."

"சத்தியமா?"

"நான் என்ன பைத்தியமா, தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.

பலகாரம் வந்தது. டிரஸ்ஸர் தொண்டையைச் செருமினார். "வேலையெல்லாம் எப்படிப் போகுதுங்க?"

கிராணிக்குப் பொய் சொல்ல வராது. "வேலை இப்போ இல்லீங்க" என்றார். டிரஸ்ஸர் கையிலிருந்த முறுக்கு பாதி வழியில் நின்றது. "ஏன்னா, பாரசீகத்துல..."

அவ்வளவுதான். முக்கால் மணி நேரம். ரஷ்யா வந்தது, பெல்ஜியம் வந்தது, ஒட்டகம் வந்தது. நான் கூரையில் எத்தனை சட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் மணல் பறந்து, வெளியே நின்ற கிராணி காற்றில் கையெழுத்துப் போட்டு, கதை ஓய்ந்தது.

அப்போது கதவோரத்திலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அந்த ராஜா திரும்பி வரும்போது என்னா கொண்டு வந்தாரு?"

கிராணி திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "படம் புடிக்கிற மிஷின்" என்றார் மெதுவாக. "பயாஸ்கோப்பு."

"ஒரு நாட்டு சுங்கத்தை வச்சு பயாஸ்கோப்பா?" சரோஜா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இவரும் சிரித்தார். பாரசீகத்தைப் பற்றிப் பேசி அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டிரஸ்ஸர் மகளை உள்ளே கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தார். பலகைச் சுவர், எல்லாமே கேட்டது. மகளின் பதிலும் கேட்டது.

"அப்பா, யாரு ஊட்டு சுங்கமோ போனதுக்கு இவ்ளோ வருத்தப்படுறவரு, நம்ம ஊட்டு அண்டா குண்டானை அடகு வச்சிருவாரா? எனக்குப் புடிச்சிருக்கு."

சுதந்திரம் வந்தது. துரை கப்பலேறினார். புதிதாக வந்த மலாய் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஆறு பக்க மனு. முழுக்கப் படித்துவிட்டதாகச் சொன்னவர், ஒட்டகங்களுக்கும் உண்மையிலேயே வரி உண்டா என்று மட்டும் கேட்டாராம். அதற்கு விளக்கம் ஒரு மணி நேரம் ஓடியது. இடையில் இரண்டு தடவை தேநீர் வந்தது.

"இதை மேலே அனுப்புகிறேன். பதில் வராது. பரவாயில்லையா?"

"அனுப்புகிறேன் என்றீர்களே என்சிக், அது போதும்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னாராம் கிராணி.

மறுநாள் காலை கொட்டகையில் அவருடைய பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முதல் தொங்கானுக்குக் கையெழுத்துப் போட்டபோது பேனா முனை உடைந்துவிட்டது. அத்தனை அழுத்தி எழுதியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து கிராணி சரோஜா அக்காவைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும். வயிறு குலுங்கச் சிரிக்கவேண்டிய படம், சினிமா அரங்கே அதிர்ந்தது. இவர் மட்டும் திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் சாய்ந்து, "பாரசீகம்" என்றார். அப்புறம் தன் முந்தானையை அவரிடம் நீட்டினார்.

அடுத்த வருஷம் என்னைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். பஸ் நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். வழக்கம்போல் ஏதோ சொல்ல வந்து, மறந்து, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே ஓடிவந்தார். அவர் கால்கள் தரையில் பட்டு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி! புது ஊரு. கையில காசு இல்லாம போனா எவன்கிட்டயும் கேக்காத. என்கிட்ட கேளு. ஒண்ணும் அடமானம் வைக்க வேணாம்!"

கிள்ளானில் எத்தனையோ மாதக் கடைசிகளில் பையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவரிடம் கேட்கவே இல்லை. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.