ஒன்பது நிமிடத்தில் வந்த தண்ணீர்ச் சீட்டு

ஒரு காட்டில் அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வற்றியது, குட்டைகள் வற்றின, வடக்கு மூலையில் இருந்த பெரிய மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. எல்லோரும் ஒன்றாக இறங்கினால் மடு சேறாகிவிடும் என்று பயந்த ராஜசபை ஓர் ஆணை போட்டது. தண்ணீர்ச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே மடுவுக்கு வரலாம். சீட்டு பிடிஎஃப் ஆக, முத்திரையோடு, அவரவர் செல்போனில் இருக்க வேண்டும்.

சீட்டு கொடுக்கும் அலுவலகம் ஒரு பாறைக் குகையில் இயங்கியது. ஆளவந்தார் என்ற கரடி அதன் அதிகாரி. பூங்காவனம் என்ற கீரி எழுத்தர். அதிகாரி மேற்பார்வை பார்ப்பார். மேற்பார்வையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூங்காவனம் பார்ப்பாள்.

காட்டில் 2,316 விலங்குகள் இருந்தன. போன ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லோருடைய விவரமும் டேட்டாபேஸில் ஏறியிருந்தது. பூங்காவனம் அதைத் திறந்து ஒரு பெயரைக் காப்பி எடுப்பாள். படிவத்துக்கு வந்து ஒட்டுவாள். திரும்பப் போய் முகவரியை எடுத்து வந்து ஒட்டுவாள். அப்புறம் இனம். அப்புறம் மொத்தம் எத்தனை கால் என்ற கட்டம். முத்திரையை வைத்து, பிடிஎஃப் ஆகச் சேமித்து, அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் ஒரு சீட்டு முடிந்திருக்கும். முதல் நாள் நிமிராமல் உட்கார்ந்து அறுபத்தைந்து போட்டாள். சாயங்காலம் முன்னங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

சீட்டுகள் அகர வரிசையில் போயின. ஆகவே வேலாயிக்கு 2,287ஆம் எண் வந்தது.

வேலாயி ஒரு முள்ளம்பன்றி. அவள் புருஷன் சின்னாண்டியின் பின்னங்கால் பாறை சரிந்து நசுங்கிப்போய், அவன் வளையை விட்டு நகர முடியாமல் கிடந்தான். அவனுக்குக் காய்ச்சலும் கண்டிருந்தது. வேலாயி காலையில் இலைகளில் இருக்கும் பனியை நக்கி வந்து அவன் வாயில் விடுவாள். பிறகு ஒரு சுரைக்குடுவையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நிற்பாள்.

"தாயி, என் சீட்டு வந்துச்சா?"

"இன்னும் 'அ' வரிசையே முடியலை, வேலாயி. உனக்கு முப்பத்தாறு நாள் ஆகும்."

"அவருக்கு அவ்வளவு நாள் தாங்காது தாயி" என்றாள் வேலாயி. அழவில்லை. விவரம் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் பூங்காவனத்தை உறுத்தியது.

அன்று மதியம் சாப்பிடாமல் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அதற்கே கட்டளை எழுதி வைக்கலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். டேட்டாபேஸில் ஒரு வரியை எடு, படிவத்தை நிரப்பு, பிடிஎஃப் ஆக்கு, அடுத்த வரிக்குப் போ. இவ்வளவுதான் அவள் எழுத நினைத்தது.

முதல் முறை ஓட்டியபோது, 'முகவரி' என்ற ஊரில் வசிக்கும் 'பெயர்' என்ற விலங்குக்கு ஒரு சீட்டு வந்தது. தலைப்பு வரியையும் ஸ்கிரிப்ட் ஒரு பிராணியாக நினைத்துவிட்டது. அதைச் சரி செய்தாள். இரண்டாம் முறை எழுத்துரு சொதப்பியது. எழுத்துகளை விட்டுக் கொம்புகள் தனியாகப் பிரிந்து நின்றன. மான்களின் பெயரில் ஒரு கொம்பும் இல்லை, வேலாயியின் பெயருக்கு முன்னால் இரட்டைக் கொம்பு முளைத்திருந்தது. வேறு எழுத்துரு மாற்றினாள்.

மூன்றாம் முறை ஓட்டிவிட்டு, ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம். 2,316 சீட்டுகளும் தப்பில்லாமல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. பூங்காவனம் வாலைத் தூக்கிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினாள்.

"ஐயா, எல்லாச் சீட்டும் ரெடி. நீங்க சரின்னு சொன்னா இப்பவே அனுப்பிடலாம்."

ஆளவந்தார் தேனடையைக் கீழே வைத்தார். "எல்லாம்னா?"

"எல்லாமும் ஐயா. ஒன்பது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது கவலை.

"ஏம்மா, வேலைப்பளு தாங்கலை, இன்னும் ரெண்டு எழுத்தர் வேணும்னு நேத்துதான் ராஜசபைக்கு எழுதினேன். இன்னைக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு எழுதவா? முடிஞ்சுபோச்சுன்னா எழுத்தர் எதுக்குன்னு கேப்பாங்க. எழுத்தர் இல்லைன்னா அதிகாரி எதுக்குன்னு கேப்பாங்க."

"வெளியில தாகத்தோட நிக்கிறாங்களே ஐயா."

"நிக்கட்டும். நிக்கிறதாலதான் இங்க ஒரு ஆபீஸ் இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரியுது. அந்த ஸ்கிரிப்டுல, மெதுவாப் போன்னு எழுத வழி இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவே இத்தனை நிமிடம் காத்திரு என்று ஒரே ஒரு வரி. பூங்காவனம் அதைச் சேர்த்தாள். சேர்க்க மனம் வரவில்லை. ஆனாலும் சேர்த்தாள்.

அதன்பின் சீட்டுகள் நாளுக்கு அறுபத்தைந்தாக, நிதானமாக, அலுவலக மரியாதையோடு வெளியே போயின. "பாவம், அந்தக் கீரி எப்படி உழைக்கிறா பாரு" என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பூங்காவனம் சும்மா உட்கார்ந்திருந்தாள். உழைத்த நாட்களில்கூட அவளுக்கு இவ்வளவு அலுப்பு இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் வேலாயி வந்தபோது அவள் உதடு வெடித்திருந்தது.

"வந்துச்சான்னு கேக்க வரலை தாயி. இனிமே வரலைன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். அவருக்கு நினைவு தப்பித் தப்பி வருது. பக்கத்துல இருக்கணும்."

பூங்காவனம் திரும்பி 2,287ஆம் சீட்டை எடுத்து அனுப்பினாள். "ஓடு. தண்ணி எடுத்துக்கிட்டு ஓடு" என்றாள்.

மடுவின் வாசலில் காவல் இருந்தது மாசிலாமணி என்ற காட்டெருமை. வேலாயியின் செல்போனை வாங்கிப் பார்த்து, கொம்பை ஆட்டினான்.

"இன்னைக்கு 'கோ' வரிசைதானே ஓடுது? 'வே' எப்படி வந்துச்சு?"

"அனுப்பினாங்க, வந்துச்சு அண்ணே."

"சீக்கிரம் வந்திருக்கு. அப்ப போலியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அவளைத் தண்ணீரைத் தொடவிடாமல் அலுவலகத்துக்கே ஓட்டி வந்தான்.

விசாரணை குகை வாசலிலேயே நடந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஆளவந்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். "என்ன பூங்காவனம், இது நம்ம சீட்டுதானா?"

பூங்காவனத்துக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நம்ம சீட்டுதான். எல்லாருக்கும் அன்னைக்கே தயார் ஆயிடுச்சு. ஒன்பது நிமிஷத்துல. இவர்தான் நிறுத்தி வைக்கச் சொன்னார்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

இனி கரடியின் கதி அதோகதி என்று அவள் நினைத்தாள்.

முதலில் வாயைத் திறந்தது ஏகாம்பரம் என்ற குரங்கு. நான்காம் நாளே சீட்டு வாங்கி, எட்டு நாளாக மடுவில் நீந்திக்கொண்டிருந்தவன்.

"ஒன்பது நிமிஷமா? அப்ப என் சீட்டை யாரும் உக்காந்து எழுதலையா?"

"என் பேரை யாரும் படிச்சுக்கூடப் பார்க்கலையா?" என்றது ஒரு நரி.

"நாங்க கால்கடுக்க நின்னோம். இந்த முள்ளம்பன்றி மட்டும் குறுக்கால போவாளா?" என்றது சீட்டே வாங்காத ஒரு மிளா.

"மெஷின் போட்ட சீட்டு செல்லாது! எல்லாத்தையும் ரத்து பண்ணு! கையால எழுது!" என்று ஏகாம்பரம் கிளையில் ஏறிக் கத்தினான். கூட்டமும் கத்தியது.

ஆளவந்தார் முகம் மலர்ந்தது. "மக்கள் விருப்பம் எதுவோ அதுவே சட்டம். எல்லாச் சீட்டும் ரத்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ரத்து ஆணை, பிடிஎஃப் ஆக, இன்றைக்கே போய்ச் சேர வேண்டும்."

எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள்.

அவள் உள்ளே போனாள். ஸ்கிரிப்டைத் திறந்தாள். 'அனுமதிக்கப்படுகிறது' என்ற சொல்லை அழித்து, 'ரத்து செய்யப்படுகிறது' என்று அடித்தாள். காத்திருக்கச் சொன்ன வரியைத் தூக்கினாள். ஒன்பது நிமிடத்தில் 2,316 செல்போன்களும் ஒலித்தன.

வெளியே கைதட்டல் குகைக்குள் வரை கேட்டது. "ஆபீஸ்னா இப்படி இருக்கணும்! சொன்ன உடனே செஞ்சு முடிச்சாங்க பாரு!" என்றான் ஏகாம்பரம். ஆளவந்தார் கையை உயர்த்தி நன்றி தெரிவித்தார். எல்லோரும் புதிய சீட்டுக்காக மறுபடி முதலிலிருந்து வரிசை கட்டினார்கள். முன்னால் நிற்பது யார் என்று உடனே தகராறு தொடங்கியது.

பூங்காவனம் பின்வழியாக வெளியே வந்தாள். வேலாயி அங்கே ஒரு கல்லின் மேல், குடுவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் மடுவை நோக்கி நடந்தார்கள். என்ன செய்வது என்ற யோசனை எதுவும் அவர்களிடம் இல்லை.

மடுவில் ஒரு பிராணி இல்லை. தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. மாசிலாமணி மட்டும் வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தண்ணி எடுக்கணும்" என்றாள் வேலாயி.

"சீட்டு இருக்கா?"

"இல்லை. ரத்தாயிடுச்சு."

மாசிலாமணி அசைபோடுவதை நிறுத்தினான். "சீட்டைக் காட்டினா வாங்கிச் சரிபார்க்கணும்னு எனக்கு உத்தரவு. இப்ப காட்டில சீட்டே கிடையாது. சரிபார்க்க ஒண்ணுமில்லை. போய் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

வேலாயி குடுவை நிறைய மொண்டாள். ஒரு சொட்டும் சிந்தாமல் வளைக்கு வந்து சேர்ந்தபோது சின்னாண்டிக்கு நினைவு இருந்தது. மெள்ள மெள்ள முழுக் குடுவையையும் குடித்துவிட்டு, "சீட்டு கிடைச்சுதா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் வேலாயி. "கிடைச்சிருந்தா இன்னைக்குத் தண்ணி கிடைச்சிருக்காது."

நீதி: அனுமதி சீக்கிரம் வந்தால் போலி என்பார்கள், மறுப்பு சீக்கிரம் வந்தால் நிர்வாகம் என்பார்கள். ஆகவே கணினி கற்பவர்கள் முதலில் மறுக்கக் கற்றுக்கொள்ளவும்.