நான் எழுதிக் கொடுத்த அரிசி

என் ஆயுளில் நான் முதல் மாணவனாகத் தேறியது ஒரே ஒரு வகுப்பில்தான். அந்தத் தேர்ச்சியால் பதினெட்டுக் குடும்பங்களுக்கு வரவேண்டிய அரிசி வராமல் போயிற்று. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது நான் இன்னும் பெரிய முட்டாளாக இருப்பேன்.

அது நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, வகுப்பு. ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்தபிறகு, காஜா பெராங்கில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலங்களில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. மொழி ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. ஜப்பான் பாஷை தெரிந்தவனைச் சயாம் காட்டில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. (பயம் நடத்துகிற மாதிரி எந்த வாத்தியாராலும் பாடம் நடத்த முடியாது.)

என் அண்ணன் வகுப்புக்கு வரவில்லை. பகலெல்லாம் ரோட்டு வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். வீட்டுக்கு ஒருவன் படித்தால் போதும் என்று சொல்லிவிட்டான். அவனைத்தான் சயாமுக்கு லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். ஒரு வருஷம் ஆகியும் ஒரு வரி வரவில்லை. வீட்டில் அண்ணியும், இரண்டு சின்னப் பிள்ளைகளும், நிப்பொங்கோவில் முதலாவதாக வந்த நானும் மிஞ்சினோம்.

அண்ணியின் பெயர் தங்கம். அழுது நான் பார்த்ததில்லை. சிரித்தும் அந்த ஒரு வருஷத்தில் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் இதேபோல ஆம்பிளையைச் சயாமுக்குக் கொடுத்த வீடுகள் எங்களுடையதோடு சேர்த்துப் பதினெட்டு இருந்தன. அந்தப் பிள்ளைகள் காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி தின்று வயிறு ஊதிக் கிடந்தார்கள். அண்ணிதான் வீடுவீடாக ஏறி, இந்தக் குடும்பங்களுக்கு மொத்தமாக அரிசி வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்போம் என்று பேசினார். பண்டார் ஹிலிர் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த கம்போங் செட்டி என்ற கிராமத்து மக்களும் கொடுத்தார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரு தலையணை உறை நிறையச் சேர்ந்தது.

ஆனால் மொத்தமாக அரிசி வாங்க ஜப்பான் அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். மனுவை மலாயில் எழுதிக் கொடுக்கலாம், குமாஸ்தா மொழிபெயர்த்துக்கொள்வார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அதிகாரியிடம் அவர் பாஷையிலேயே எழுதிக் கொடுத்தால் உச்சி குளிர்ந்து உடனே கையெழுத்துப் போடுவார் என்று அண்ணியிடம் அடித்துச் சொன்னேன். (உச்சி குளிர்ந்தது உண்மைதான். என் உச்சி.)

அதிகாரி மனுவைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு இரண்டு கைகளையும் அகலமாக விரித்தும், கொஞ்சமாகக் குறுக்கியும் காட்டி ஏதோ கேட்டார். பெரிய மூட்டையா, சின்ன மூட்டையா என்று கேட்கிறார் என நினைத்து, என் கையை அவர் காட்டியதைவிட அகலமாக விரித்தேன். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். ஒன்றும் புரியவில்லை. முதல் மாணவனுக்குப் புரியவில்லை என்று சொல்ல வாய் வருமா? எல்லாவற்றுக்கும் "ஹாய், ஹாய்" என்று, அதாவது ஆமாம் ஆமாம் என்று, இடுப்பை வளைத்தேன். தலையணை உறையைப் பணத்தோடு வாங்கிக்கொண்டு, அந்த மனுவிலேயே முத்திரை குத்திச் சீட்டாகக் கொடுத்தார்.

சரக்கை எடுக்கக் கிடங்குக்கு நான் போகவில்லை. மாட்டுவண்டி ஓட்டுகிற ஆறுமுகம் பிள்ளையிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். அவர் மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கிற செட்டி சமூகத்துக்காரர். பெயர்தான் தமிழே தவிர, பேசுவது மலாய். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் பெண்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். முறமும் துணிப்பையுமாக வந்திருந்தார்கள். எதிர்வீட்டு முனியம்மா, அரிசி வந்ததும் கைக்குழந்தைக்குக் கஞ்சி வைத்துவிடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்து உலையும் ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

வண்டி திரும்பிவந்தது. மேலே வைக்கோல். வைக்கோலுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அரிசி மூட்டை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆறுமுகம் பிள்ளை இறங்கிவந்து என் காதோரமாக, "இனி புக்கான் பெராஸ், தம்பி" என்றார். இது அரிசி இல்லை என்று அர்த்தம். வைக்கோலை விலக்கினார். பன்னிரண்டு மண்சாடிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம்.

சீட்டை வாங்கிப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிப்பொங்கோவில் 'கொமெ' என்றால் அரிசி. 'கமெ' என்றால் சாடி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை என் கையால், அழகாக, அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வரிசையில் நின்ற அத்தனை கண்ணும் என்மேல் இருந்தன. ஜப்பான்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

அண்ணி கேட்கப் போனார். என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, வெயிலில் டவுனைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். சரியாகத் தலை குனியவில்லை என்று காவல்காரன் கன்னத்தில் அறைகிற காலம் அது. அதிகாரி பொய் சொன்னான் என்று ஒரு பொம்பிளை போய் நின்றால் திரும்பி வருவாளா? பின்னாலேயே ஓடினேன்.

"போகாதீங்க அண்ணி. வேணாம்."

"வீட்டு ஆம்பிளையையும் எடுத்துக்கிட்டான், அரிசியையும் எடுத்துக்குவானா? கேட்டுட்டு வர்றேன். என்ன செஞ்சிருவான்?"

"அவன் ஏமாத்தல அண்ணி. நான்தான் சாடின்னு எழுதிட்டேன்."

அண்ணி நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாடின்னா எழுதின?"

"ஆமா."

"பன்னண்டா?"

"பெருசா வேணும்னு வேற சொன்னேன்."

அப்படியே சாக்கடைப் பாலத்தின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அழவைத்துவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வர, ஒரு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வா. முனியம்மா உலை கொதிச்சுக்கிட்டு இருக்கும். அவங்ககிட்டயும் நீயே உன் வாயால சொல்லு" என்றார்.

சொன்னேன். பதினேழு பெண்கள் முன்னால், அந்த வெள்ளைச் சட்டையோடு. சிலர் திட்டினார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முனியம்மா இரண்டும் செய்யவில்லை. எதிரே தன் வீட்டுக்குள் போய் உலைத் தண்ணீரைக் கொண்டுவந்து தன் வாசலில் கொட்டிவிட்டு, எங்கள் வாசலில் வைத்திருந்த முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் திட்டியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தத் தண்ணீர் கொட்டிய சத்தம் மறக்கவில்லை.

சாடியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஆறுமுகம் பிள்ளைதான் யோசனை சொன்னார். கடலோரத்தில் பெலாச்சான் என்ற இறால் விழுது இடிக்கிறவர்கள் சாடி இல்லாமல் தவிக்கிறார்கள். சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்த சாடி இப்போது வருவதில்லை என்றார். அண்ணியும் அவரும் வண்டியோடு போனார்கள். சாடிகளை இறக்கிவைக்க நானும் போனேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சாடிகளுக்கு மாற்றாக உப்பும் கருவாடும் நெத்திலியும் வாரத்துக்கு ஒரு நடையாக ஐந்து மாதம் வந்தன. மரவள்ளியோடு தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று பதினெட்டு வீட்டிலும் இருந்தது. பிள்ளைகள் உடம்பு கொஞ்சம் தேறியது. நல்லதுதான் நடந்தது என்று பிற்காலத்தில் நான் சொல்லிப் பார்த்ததுண்டு. அண்ணி விடமாட்டார். "அந்தப் பிள்ளைங்க அன்னிக்குக் கஞ்சி குடிச்சிருக்கணும்" என்பார்.

சண்டை முடிந்து, பதினெட்டுப் பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். முனியம்மாவின் புருஷன் வரவில்லை. அண்ணன் வந்தான். காலில் ஆறாத புண், பேச்சே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், கேட்டால் சுவரைப் பார்ப்பான். சயாமைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. நான் அவன் கண்ணில் படாமலே நடமாடினேன். வகுப்புக்குப் போனவன் நான், லாரியில் போனவன் அவன்.

ஒரு நாள் மத்தியானம் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே அண்ணி அவனிடம் இந்தக் கதையைச் சொன்னார். நான் கையை விரித்ததிலிருந்து ஒன்றையும் விடவில்லை. நான் அடுக்களையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கதை முடிந்ததும் அண்ணனின் குரல் கேட்டது.

"அவன வரச் சொல்லு. அவனே சொல்லட்டும்."

போய் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். பாதியில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இருமலும் சிரிப்புமாக வந்தது. அன்று சாயங்காலமே இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும், வேலை போனாலும், பரீட்சையில் தவறினாலும், இந்தச் சாடிக் கதையைச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். நானும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறேன்.