யாரும் புகார் எழுதாத ஒரே ஆட்டம்

பிளம் ரிவர், நெப்ராஸ்கா
1909 டிசம்பர் 6, திங்கள்

அன்புள்ள தங்கை தோராவுக்கு,

அண்ணன் எலியாஸ் எழுதுவது. ஹல்வோருக்கு நேற்று மாலையிலிருந்து ஜுரம் இல்லை. இதைச் சொன்னவர் டாக்டர் லிண்ட்குவிஸ்ட். இன்று காலை அவன் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டே என்னிடம் நேரில் சொன்னார். போன மாதம் நன்றி நாள் விடுமுறையில் நடந்த ஆட்டத்தில் அவனுடைய இடது கால் முறிந்ததைத் தந்தியில் அறிந்திருப்பாய். மற்றதெல்லாம் தந்தியில் அடங்காது. உன் வீட்டிலும் கொட்டிலிலும் எல்லோரும் சுகம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உன் மகன் ஹல்வோர் இப்போது சாம்பியன். உடனே சந்தோஷப்பட்டுவிடாதே, எப்படி என்று கேள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து ஐந்து கல்லூரிகளின் பேராசிரியர்கள் ஓர் ஓட்டல் சாப்பாட்டறையில் கூடி விளையாட்டுச் சங்கம் அமைத்தபோது, நான் மேஜைக் கோடியில் உட்கார்ந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். சங்கம் பிறந்ததற்குக் காரணம் ஒரு கொல்லன். ஒரே பருவத்தில் அவன் மூன்று கல்லூரிகளுக்காக மூன்று பெயரில் ஃபுட்பால் ஆடியிருந்தான். பெயரை மாற்றியவனால் மூக்கை மாற்ற முடியவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு விதி செய்தார்கள். ஆட்டத்தில் ஆடியவர் எவரும் வருஷம் முடிவதற்குள் அதைப் பற்றிப் புகார் எழுதலாம்; விசாரணை முடியும்வரை அந்த ஆட்டம் கணக்கில் வராது. தோற்றவர்களெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். சூரியன் கண்ணில் அடித்தது, நடுவர் எதிரணிப் பயிற்சியாளரின் மைத்துனர், மைதானத்தில் பன்றி புகுந்தது என்று எழுதினார்கள். போகப்போக, ஊரைவிட்டுக் கிளம்பும்போதே புகாரை எழுதிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை புள்ளியில் தோற்றோம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். விசாரணையோ ஒவ்வொரு ஜனவரியும் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போகும். இந்த வருஷத்து ஆட்டங்களும் அந்த வழியே போயின, ஒன்றைத் தவிர.

அது நன்றி நாளன்று ஹார்மனி கல்லூரியோடு எங்கள் பிளம் ரிவர் கல்லூரி ஆடியது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் புள்ளி; கடைசி நிமிஷத்தில் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஹல்வோர் அந்தக் கோட்டருகே விழுந்தான். அவன்மேல் இரண்டு அணியும் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வேலியோரம் நின்ற எனக்குக் கேட்டது. எல்லோரும் எழுந்து விலகியபோது காலைப் பார்த்தோம். முதலில் ஓடிவந்து குனிந்தவர் எங்கள் பயிற்சியாளர் ரஸ்க். பந்து கோட்டுக்கு அப்பால் கிடந்தது, நடுவர் புள்ளி கொடுத்தார், நாங்கள் ஜெயித்தோம். ஹார்மனி அணியின் தலைவன் சட்டைக்குள் கையை விட்டுப் புகாரை எடுத்தான், காலைப் பார்த்தான், நான்காகக் கிழித்தான்.

"இதப் பாத்தப்புறம் சூரியன் கண்ணுல பட்டுச்சுன்னு எழுதுறதாடா?" என்றான்.

ஆக, நிற்பது அந்த ஓர் ஆட்டம்தான். அதை ஜெயித்ததால் பிளம் ரிவர் சாம்பியன்.

சனிக்கிழமை கல்லூரித் தலைவர் குரோவெல், ரஸ்க், ஒரு போட்டோக்காரர் மூவரும் கோப்பையோடு, ஹல்வோர் படுத்திருக்கும் டாக்டர் வீட்டு மாடிக்கு வந்தார்கள்.

"தம்பி, இது உன் காலுக்குக் கெடச்ச கோப்பை" என்றார் குரோவெல். "இது மட்டும் இல்லேன்னா ஆட்டத்தையே நிறுத்துன்னு அறங்காவலருங்க என் கழுத்தப் பிடிச்சிருப்பாங்க."

"போர்வைய கொஞ்சம் வெலக்குங்க சார்" என்றார் போட்டோக்காரர். "கட்டு தெரியலேன்னா சும்மா தூங்குறவன் மாதிரி இருக்கு."

"தூங்கத்தான்யா விடச் சொல்றேன்" என்றான் ஹல்வோர்.

கோப்பையை அவன்மேல் சாய்க்கப் போனவரை டாக்டர் பிடித்து நிறுத்தினார். "அது காலுய்யா, மேஜை இல்ல!"

மைதானத்தில் வாய் ஓயாத ரஸ்க் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். படம் எடுத்தாயிற்று. கோப்பையில் ஹல்வோர் பெயரையும் பொறிப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

ஆகவே கவலையைக் குறைத்துக்கொள். பிள்ளை பட்ட வலிக்கு ஒரு பலன் இருக்கிறது என்று நினைத்துக்கொள். பனியில் கிளம்பி வராதே. மாப்பிள்ளை ஓலவுக்கு என் அன்பு. சின்னவளை நான் கேட்டதாகச் சொல். உங்கள் கூரைக்குக் கீழே இந்தக் குளிர்காலம் இனி வேறு எதையும் கொண்டுவராமல் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
எலியாஸ்

பி.கு.: சாம்பியன் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டுமுன் ஹல்வோருக்கு வாசித்துக் காட்டினேன்.

"பந்து கோட்டைத் தாண்டல மாமா" என்றான்.

"நடுவர் கொடுத்தாரேடா?"

"அவரும் என் காலத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு, நீங்களும்தான். நான் கன்னத்த மண்ணுல வெச்சுக் கெடந்தேன். பந்து என் மூக்குக்கு நேரா, இந்தப் பக்கம் இருந்துச்சு. ரஸ்க் என்னத் தூக்குற மாதிரி குனிஞ்சு, ஷூவால அந்தப் பக்கம் தள்ளிவிட்டாரு."

புகாரை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கையெழுத்து அவனுடையது. இந்தச் சங்கத்தில் ஜெயித்தவன் எழுதிய புகார் இதற்கு முன் இல்லை. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு அனுப்பலாமே என்றேன்.

"வேணாம் மாமா. கால எடுத்துட்டாங்கன்னா, ஆத்திரத்துல எழுதினான்னு சொல்லுவாங்க. இன்னைக்கே போடுங்க."

மாலை ரயிலுக்கு எடுத்துப் போகிறேன். சங்கம் கூடுவது ஜனவரி 11, செவ்வாய். கட்டைப் பிரிப்பது வரும் வியாழன் காலை. கால் நிற்குமா என்பதை அதற்கு முன் சொல்ல டாக்டர் மறுக்கிறார்.