பூமணி அன்ரியை வீட்டுக்குக் கூப்பிட்ட கதை

சிலருக்கு நாக்கில் சனி. எனக்கு நாக்கில் மரியாதை. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் மரியாதைதான் என்பேன். சனி ஏழரை வருடத்தில் இறங்கிவிடும், என் மரியாதை இன்னும் இறங்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், குசினிக்குள் சமைத்துக்கொண்டிருப்பவருக்கும் கேட்கிற மாதிரி "போயிட்டு வாறன்" என்று சொல்லி, "ஒருநாள் எங்கட வீட்டுப் பக்கமும் வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குவேன். வளர்த்த வளர்ப்பு அப்படி. இப்படிக் கூப்பிட்டவர்களில் தொண்ணூறு வீதமானவர்கள் வருவதில்லை. ஒருவர் வந்துவிட்டார்.

அப்போது நான் திருகோணமலையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெட்டு மிச்சத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையால் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, குயில்ட் என்று சொல்லுகிற ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று செய்திருந்தேன். (செய்து முடிக்க ஒரு மாரிகாலம் பிடித்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.) நிலாவெளியில் தங்குவிடுதி நடத்துகிற ஓர் அம்மா அந்தப் போர்வையின் படத்தை யாரோ காட்டிப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தார். மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுத்தால், பிடித்திருந்தால், சீசனுக்கு முன்னர் எல்லா அறைகளுக்கும் என்னிடமே எடுப்பதாகச் சொன்னார்.

"மெஷின் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஓம், இருக்கு. நல்ல மெஷின்" என்றேன். வீட்டில் இருந்தது ஓர் ஊசிப்பெட்டி.

அடுத்த நாளே வேலையை விடுவதாகக் கடையில் கடிதம் கொடுத்தேன். வெறும் கடிதம் கொடுத்திருந்தால் பரவாயில்லை. முதலாளியின் குணநலன்களைப் பற்றி அதில் ஒரு பந்தியும் எழுதியிருந்தேன். எனவே அந்தக் கதவு பூட்டி, சாவியும் கடலில். அந்த மாதிரிப் போர்வை சரிவராவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, தொழிலும் இல்லை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் குகனின் வாய்க்குத் தப்ப வழியும் இல்லை.

கையில் இருந்த காசுக்கு மெஷின் தேடிப் புறப்பட்டேன். முதலில் போன கடையில் புது மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, தூக்கினால் பஞ்சு மாதிரி. அது பூத் தைக்கும், இலை தைக்கும், வாத்துக்கூடத் தைக்கும் என்று விற்பனையாளர் தம்பி வாத்தைத் தைத்தும் காட்டினார். நான் பையிலிருந்து, சோதித்துப் பார்க்கக் கொண்டுபோன என் துணித் துண்டை எடுத்தேன். மேல் துணி, பஞ்சு, அடித்துணி, நடுவில் மடிப்பு விழுந்த மூட்டு. மெஷின் அந்த மூட்டுக்குக் கிட்ட வந்ததும் ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. தம்பியும் நின்றுவிட்டார். அன்றைக்கு ஒன்று விளங்கியது. போர்வை தைக்கிறவளுக்கு வாத்து வேண்டாம். நேர்த் தையல் போதும், ஆனால் இரும்பு வேண்டும். ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் இடையில், சுருட்டின போர்வை போய்வர இடம் வேண்டும். இது இரண்டும் குறைந்த விலையில் வேண்டுமென்றால், காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மெஷின்தான் கதி.

இரண்டு நாள் கழித்து முகநூலில் அப்படி ஒன்று விலைக்கு வந்தது. அன்புவழிபுரத்தில் ஒரு வீடு. விலை நம்ப முடியாத மலிவு. அதில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு எடுத்தால் ஒரு பெண் பேசினார். "அப்பா வீட்டில நிப்பார், இண்டைக்கே வந்து ஏத்துங்கோ அக்கா" என்றார். ஏன் இவ்வளவு மலிவு, ஏன் இன்றைக்கே என்று சாதாரண மூளை உள்ளவர் கேட்டிருப்பார். மலிவிடம் காரணம் கேட்டால் அது கோபித்துக்கொண்டு போய்விடும் என்பது என் கொள்கை.

ஓட்டோவில் போகும் வழியெல்லாம், பழைய மெஷின் வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கைத்தொலைபேசியில் படித்துக்கொண்டே போனேன். நல்ல மத்தியானம். ஓட்டோ திரும்பின ஒடுங்கின ஒழுங்கை முழுக்க ஒரு சத்தம் இல்லை. நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரைக்காமல் படுத்துக்கொண்டது. முற்றத்தில், ஆட்கள் இருக்கவென்று வாடகைக்கு எடுத்த கதிரைகள் அடுக்கியிருந்தன. வயதான ஒருவர் கதவைத் திறந்தார். உள்ளே யாரோ நித்திரை என்பதுபோல மெல்லத்தான் கதைத்தார்.

"விசேஷமோ ஐயா?" என்று கதிரைகளைக் காட்டிக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. வெள்ளிக்கிழமை."

"சந்தோஷம்" என்றேன்.

ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அதற்குள் உள்ளே போய்விட்டேன். யன்னல்கள் சாத்தி, அறை இருட்டாக இருந்தது. ஒரு மூலையில் குத்துவிளக்கு எரிந்தது, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். (பக்தியான வீடு என்று நினைத்தேன்.) விளக்குக்கு எதிரே மெஷின். சக்கரத்தைச் சுற்றினேன், பட்டியை இழுத்துப் பார்த்தேன், துணியைத் தள்ளுகிற பல்லைத் தடவிப் பார்த்தேன். என் துண்டை வைத்து மிதித்தேன். அந்த மூட்டை அது மெஷின் மாதிரிக் கடக்கவில்லை. தெரிந்த வழியால் போகிற ஆள் மாதிரிக் கடந்தது. மிதி சூடாக இருந்தது. சற்று முன்னர்வரை யாரோ கால் வைத்திருந்த சூடு.

"எனக்குப் பிடிச்சிருக்கு ஐயா."

"பூமணியிட்டயும் ஒருக்காக் கேக்கோணும்" என்றார் அவர்.

வீட்டுக்கார அம்மா குசினியில் நிற்கிறார் போலும் என்று, அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். "அன்ரி, மெஷினை நான் கொண்டு போகட்டோ?"

பதில் இல்லை. விளக்குத் திரி மட்டும் ஒருமுறை சடசடத்தது. ஐயா விளக்கைப் பார்த்தார். பிறகு, "அவ ஒண்டும் சொல்லேல்லை. கொண்டு போங்கோ" என்றார்.

ஓட்டோக்காரர் வந்து மெஷினின் கால்களைப் பின்னால் வைத்துக் கட்டினார். தலையைக் கழற்றி என் மடியில் தந்தார். எல்லாம் முடிந்தபின், விட்டதா என் மரியாதை? வாசலில் நின்று, குசினியைப் பார்த்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னேன். "பூமணி அன்ரி, நான் போயிட்டு வாறன். ஒருநாள் கட்டாயம் எங்கட வீட்டுக்கும் வாங்கோ."

ஓட்டோக்காரர் ஓட்டோவை எடுத்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில் நிறுத்தினார். "அக்கா, வாசல்ல நிண்டு ஆரைக் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, கம்பத்தில் கட்டியிருந்த பதாகையைக் காட்டினார். கண்ணீர் அஞ்சலி. ஆளுயரப் படத்தில் ஓர் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் பூமணி.

"செத்த வீட்டில போயிட்டு வாறன் எண்டே சொல்லப்படாது. பேசாமல் இறங்கி வரோணும். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுகூட இன்னும் முடியேல்லை. நீங்கள் ஆளை வீட்டுக்கே கூப்பிட்டிட்டியள்."

மெஷினின் தலை மடியில் கிடந்து கனத்தது. அன்புவழிபுரம் தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில் ஓட்டோ இழுக்க மறுத்தது. "மூண்டு பேற்ற பாரம் இழுக்குது" என்றார் அவர். பகிடிக்குச் சொன்னாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடிக்கு இல்லை.

குகனுக்கு நான் மூச்சு விடவில்லை. யன்னலோரம் மெஷினைப் பொருத்தி, அடுத்த நாள் பின்னேரம் தைக்க உட்கார்ந்தேன். என் தையல் எப்படி என்றால், வெருகல் ஆறு கடலுக்குப் போகிற மாதிரி. போய்ச் சேரும், ஆனால் நேராகப் போகாது. அன்றைக்கு ஊசி போட்ட கோடு, நூல் பிடித்துக் கீறின கோடு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காலை எடுத்தேன். மெஷின் தொடர்ந்து தைத்தது. பழைய சக்கரத்துக்கு அந்த ஓட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். துணியின் ஓரத்துக்கு வந்ததும் சரியாக நிற்க வேண்டும் என்று சக்கரத்துக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதியது. அறையில் முழங்காலுக்குப் பூசுகிற தைலம் மணத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் முழங்கால் வருத்தம் இல்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் மெஷினைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். என்னிடம் வேலை இல்லை, வேறு மெஷினுக்கு வழியும் இல்லை. பயந்து பயந்து தைத்தேன். "அன்ரி, குறை நினையாதேங்கோ" என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லிக்கொண்டு தைத்தேன். வியாழக்கிழமை வந்தபோது போர்வையில் ஒரு பக்க ஓரம் மட்டும் மிச்சம்.

அன்று பின்னேரம், ஓட்டோக்காரரிடம் வழி கேட்டு வந்து, ஐயா குடையோடு வாசலில் நின்றார். குகனும் வீட்டில் நின்றார், எனக்கு நேரம் அப்படி. ஐயா உள்ளே வந்து மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அதுக்கு முன்னாலயே இருக்கிறன், சாப்பிடுறன் இல்லை எண்டு மகள்தான் மெஷினை வித்தவள். மெஷின் போன பிறகு வீட்டில ஒரு சத்தமும் இல்லைப் பிள்ளை. நீங்கள் கூப்பிட்டனீங்கள். அவ வந்திட்டா."

குகன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீ ஆரைக் கூப்பிட்டனீ?"

நான் ஐயாவின் காலில் விழாத குறை. தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் பிழை சொல்ல வரேல்லை. அவவிட்டத் தைக்கக் குடுக்க ஊரே வரும். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அவவைத் தங்கட வீட்டுக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டதில்லை. நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள். அதுதான் வந்திருக்கிறா." பிறகு, "நாளைக்கு எட்டுச் செலவு. அங்க படைச்சா ஆர் சாப்பிடுறது? இஞ்சதான் படைக்கோணும்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். குகன் போய் முற்றத்தைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை அந்த அடுக்கின கதிரைகள் எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. ஐயாவின் மகளும் மருமகனும் சொந்தக்காரரும் வந்தார்கள். நண்டுக் கறி, இறால் பொரியல், இடியப்பம், அன்ரிக்குப் பிடித்த சிவப்புச் சோடா எல்லாம் மெஷினுக்கு முன்னால் வாழையிலையில் படைத்தோம். ஆன்மா வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விடுதி அம்மா. மாதிரியைப் பார்க்க வந்திருந்தார். அவர் சனிக்கிழமைதான் வருவார் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் வாயைத் திறக்க முதல் அறைக்குள் மெஷின் தைக்கத் தொடங்கியது. கடகடவென்று, ஒரே சீராக, ஒரு முழு வரி. முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. குகன் கையில் இருந்த தேத்தண்ணீர்த் தட்டைக் கிட்ட இருந்த கதிரையில் வைத்துவிட்டார்.

"நல்ல கை. ஆர் தைக்கிறது?" என்று கேட்டார் விடுதி அம்மா.

"அம்மா" என்றார் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் ஒருக்காப் பாக்கலாமோ?"

"இல்லை அக்கா, இப்ப ஏலாது. அவ போன வெள்ளிதான் செத்துப் போனவ."

விடுதி அம்மா கதவைப் பார்த்தார், வெளியே போகிற வாசல் படலையைப் பார்த்தார். பிறகு, செத்த வீட்டு முறைப்படி, போயிட்டு வாறன் என்று சொல்லாமலே போனார். எங்கள் எல்லோரிலும் அன்றைக்கு முறையைச் சரியாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்தபோது சோடாவில் ஒரு வாய் குறைந்திருந்தது. போர்வையில் மிச்சமிருந்த ஓரம் மூடியிருந்தது. எலி என்கிறார் குகன். சோடாக் குடிக்கிற எலியை நான் நம்பலாம். ஓரம் மடித்துத் தைக்கிற எலியை எப்படி நம்புவது?

என் தொழில் அன்றைக்கே முடிந்தது என்று நினைத்து, எல்லோரும் போகும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். சாமான் கட்டும்போது ஐயாவின் மகள் அந்தப் போர்வையை எடுத்து முகத்தில் வைத்தாள். அப்படியே நெடுநேரம் நின்றாள். பிறகு, அம்மாவின் சேலைகளைத் தந்தால் இப்படி ஒன்று தைத்துத் தருவீர்களா என்று கேட்டாள்.

அதுதான் முதல் ஓடர். அவள் கனடாவில் இருக்கும் தங்கைக்குச் சொல்ல, தங்கை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல, இப்போது எனக்கு வருவதெல்லாம் இறந்துபோனவர்களின் சேலைகள்தான். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்ததும் சேலைப் பெட்டி வந்துவிடும். ஐயா இன்னும் புதன்கிழமைகளில் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. தையல் நேராக இருந்தால் பூமணி அன்ரி தைத்தது, கோணினால் நான் தைத்தது. எங்கள் பிள்ளைகள் சட்டை கிழிந்தால் என்னிடம் தருவதில்லை, மெஷினில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கனடாவிலிருந்து யாராவது அழைத்து, போர்வை நல்ல வடிவாக வந்திருக்கிறது, தையலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால், தொலைபேசியை எடுப்பது குகன்தான். "ஓம், அவவிட்டச் சொல்லிவிடுறன்" என்பார். சொல்லிவிட்டு எழும்பி மெஷின் அறைக்குள் போவார். நான் குசினிக்குள் நிற்பேன்.