தம்பிஐயாவின் பொய் வருத்தம்

கந்தசட்டி விரதத்தின் நாலாம் நாள் மனோகரி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். மற்ற வீடுகளில் என்றால் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். தகப்பன் தம்பிஐயாவால் அப்படி இருக்க முடியுமா? அவருடைய தமையனும் பிறகு ஒரே மகனும், நெஞ்சுத்துடிப்புப் பிசகி, நின்ற நிலையில் விழுந்து செத்தவர்கள். வம்சத்தில் ஓடுகிற நோய்; ஊர்ப்பேச்சில் வருத்தம். கலியாணத்துக்குக் குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு என்று இரண்டு சாவையும் பாம்பின் தலையில் கட்டியாயிற்று. வேலணை ஊர்ப் பாம்புகள் பாவம்.

மனோகரிக்கு நயினாதீவில் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தது. எனவே தம்பிஐயா, தெரிந்த ஓராளுக்கு நெஞ்சு படபடக்கிறது, எந்த டொக்டர் நல்லவர் என்று ஊர் ஆசுபத்திரி அப்போதிக்கரியிடம் பட்டும் படாமலும் விசாரித்தார். அந்த ஓராள் தம்பிஐயாவேதான் என்று பின்னேரத்துக்குள் ஊர் முடிவுகட்டிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டார். கிழவனுடைய வருத்தம் கலியாணத்தைக் குழப்பாது.

அடுத்தநாளே சம்பந்தியாகப்போகிற அம்பலவாணர் இளநீர்க் குலையோடு வள்ளத்தில் வந்து இறங்கினார். கொழும்பில் கடை வைத்திருந்த மனிதர். அங்கே பெரிய இருதய டொக்டரைத் தெரியும், தானே கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சமைத்துத்தர மகளும் வரவேண்டும் என்று நோயாளி முனகினார்.

ரயிலில் அம்பலவாணர் அவரை எழும்பவே விடவில்லை. வடைக்காரன் போக வர, இவருக்குக் கஞ்சி. தம்பிஐயா மகளையே பார்த்துக்கொண்டு போனார். இவளையும் பறிகொடுத்தால் நான் எதற்கு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

டொக்டரிடம் போனதும் சம்பந்தியைத் தன் கையாலேயே கட்டிலில் ஏற்றிவிட்டுத்தான் அம்பலவாணர் வெளியே போனார். தாதி ஜசிந்தா வயர்களைப் பூட்டித் துடிப்பைக் கடதாசியில் எடுத்தாள். தம்பிஐயா அவளைக் கும்பிட்டார். தமையன், மகன், பாம்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, நான் நடிக்கிறன். இவளைப் பாருங்கோ."

பக்கத்தில் நின்ற மனோகரியின் துடிப்பையும் எடுத்து, ஜசிந்தா இரண்டு கடதாசியையும் உள்ளே டொக்டரிடம் கொண்டுபோனாள். திரும்பிவர நேரமாயிற்று.

"மகளுக்கு ஒண்டுமில்லை, விரதக் களைப்பு. வருத்தம் உங்களுக்குத்தானாம். டொக்டர் உங்களை இஞ்சை ஆசுபத்திரியிலை மறிச்சு வைக்கச் சொன்னவர்."

தம்பிஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கடதாசி மாறியிருந்தால் செத்துப்போகப் போகிறவள் மகள் அல்லவா?

"கடதாசி மாறிப்போச்சுது பிள்ளை. வடிவாப் பாருங்கோ."

ஜசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாறேல்லை ஐயா. வம்சத்து வருத்தமெண்டால், உங்கடை அண்ணைக்கும் மகனுக்கும் நடுவிலை நீங்கள்தானே நிக்கிறியள்?"