வால்வு சாப்பிட்டீங்களா?லை

"சார், வால்வு விலை பாக்கப் போனா, 'வால்வு சாப்பிட்டீங்களா?லை'ன்னு வருதாம். வால்வை எதுக்குச் சாப்பிடணும்னு ஒரு கஸ்டமர் கேக்கிறார்."

போனில் கீழ்த்தளத்துப் புகார்ப் பிரிவு அம்மா. மாடி அறையில் தனியாளாக உட்கார்ந்திருந்த புரோகிராமர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பம்புக் கடையின் இணையதளத்தை ஓட்டும் ஸ்கிரிப்ட் மொழிக்கு அவர் மேக்ரோ வசதி சேர்த்திருந்தார். சுருக்கமாக ஒன்றை அடித்தால், பக்கம் திறப்பதற்கு முன்பே அது நீளமான வாசகமாக விரிந்துவிடும். சோதனைக்கு, 'வி' என்றால் 'சாப்பிட்டீங்களா?' என்று விரியும்படி வைத்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. விலையிலும் ஒரு வி இருப்பது மண்டையில் ஏறவில்லை.

"அஞ்சே நிமிஷம்மா."

வாசகத்தை மட்டும் மாற்றினார்: 'வருந்துகிறோம், விரைவில் சரியாகும்.' தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். மறுபடி போன்.

"சார், தளம் ஒப்பாரி வைக்குது! வருந்துகிறோம் வருந்துகிறோம்னு நிக்கவே மாட்டேங்குது!"

விரைவில் என்பதற்குள்ளேயே இரண்டு வி. ஒவ்வொன்றும் விரிய, விரிந்ததற்குள் இருந்தவையும் விரிய, பக்கம் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் மாடியேறி வந்தார். திரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உங்க மேக்ரோவும் வேணாம், நீங்களும் வேணாம்."

அவர் போனதும் புரோகிராமர், 'வி' தனியாக நின்றால் மட்டுமே விரியும்படி திருத்தினார். அழுகை நின்றது.

"சரியாயிடுச்சு சார்," என்றாள் புகார்ப் பிரிவு அம்மா. குரலில் உற்சாகமே இல்லை. "அப்புறம்... அந்தக் கஸ்டமர் சாப்பிட்டாராம். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னார்."

"நானா? ஒரு பன்னு சாப்பிட்டேன்னு சொல்லுங்க."

"வெறும் பன்னான்னு திட்டுவார் சார்."

புரோகிராமர் சிரித்தார். அந்த அறையில் தன் சிரிப்பைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

அதன்பிறகு தளம் மணிமணியாக ஓடியது. போன் வரவில்லை. இரண்டு நாள் ரிசீவரை எடுத்து எடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூன்றாம் நாள் பன்னைப் பிரித்தவர் ஒரு வாய்கூடக் கடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார். வேலை போனால் வாடகைக்கு வழியில்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே திருத்தத்தை நீக்கி, பழைய கேள்வியைத் திரும்பப் போட்டார்.

அடுத்த நொடி போன் அலறியது.

"சார்! வந்துடுச்சு! மறுபடியும் கேக்குது!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "கஸ்டமருக்கு... ரொம்ப சந்தோஷம் சார். சரி பண்ணிடாதீங்கன்னு சொல்லச் சொன்னார்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் டீ டம்ளருடன் அட்டெண்டர். எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போலிருந்தது.

"அண்ணே, மேனேஜர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க," என்று கெஞ்சினார் புரோகிராமர். "பாவம், யாரோ ஒரு கஸ்டமர் ஆசைப்பட்டுக் கேக்கிறார்."

"கஸ்டமரா?" அட்டெண்டர் டம்ளரை மேசையில் வைத்தார். "அவங்கல்லாம் நேரா கடைக்கே வந்துடுறாங்களே சார், அந்தத் தளத்தை யார் பாக்கிறா? கீழ அந்தம்மாதான் அதைத் தொறந்து வெச்சுக்கிட்டு மூணு நாளா ஒத்தையா உக்காந்திருக்காங்க, சாப்பிடக்கூட இல்ல."